யானை மேல நின்ன மாமன்

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். ராஜா இல்ல, மந்திரி இல்ல, கொள்ளைக்காரனும் இல்ல. கத்திரிக்கா போடுறவன். கத்திரிக்காக்காரனுக்கெல்லாம் ஒரு கதையான்னு கேக்காத. படுத்துக்கிட்டே கேளு. ம் மட்டும் போடு. நீ ம் போடுறத நிறுத்தினா கதையும் நட்ட நடுவுல நின்னுரும்.

"ம்."

அவன் பேரு மாசானம். வீட்டுக்குப் பின்னால ஒரு துண்டு நிலம். அதுல காய்க்கிறதைக் கூடையில வெச்சு, சந்தைக்குப் போவான், வித்துட்டு வருவான். அப்பா அம்மா சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க. அவன வளத்தது அவன் அக்கா பேராச்சி. சோறு ஊட்டி, தல சீவி, அடி ஒண்ணு குடுத்து, அப்புறம் அவளே அழுது, அப்படி வளத்தா. அவளை ஆத்துக்கு அந்தப் பக்கம் கொடிக்குளத்துல கட்டிக் குடுத்தாச்சு. அவளுக்கு ஒரு பொட்டப்புள்ள. வடிவுன்னு பேரு. அப்போ அது கைப்புள்ள.

இப்படி இருக்கிறப்போ ஒரு நாள், அந்த ஊரு பண்ணையார் செத்துப் போனாரு. பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து மாரடிச்சு அழுதாங்க. அழுறதுன்னா சும்மா ஊ ஊன்னு இல்ல. பாட்டா அழணும். செத்தவரு பெருமைய ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லி அழணும். அதுதான் ஒப்பாரி. அந்த ஊர்ல ஒப்பாரிக்குன்னே ஒருத்தி இருந்தா, கொம்பின்னு. மாசானத்துக்கு மதினி முறை. வாய் நிறைய வெத்தல. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வராது. ஆனா அவ பாடினா கேக்கிறவங்க கண்ணீரு நிக்காது.

"குதிரையேறி வந்தவரே, எங்க
குலத்துக்கொரு மன்னவரே
பட்டுக்குடை பிடிச்சவரே, இப்போ
பாதியிலே போனவரே"

இப்படிப் பாடினா கொம்பி. மாசானத்துக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஏன்னா பண்ணையாருகிட்ட குதிரையே கிடையாது. ஒரு நொண்டிக் கழுதை இருந்துச்சு. குடையிலயும் ஓட்டை. ஆனா பாட்டக் கேட்டா அவரு ராஜா மாதிரி தெரிஞ்சாரு.

எல்லாம் முடிஞ்சு குளத்துல குளிச்சிட்டு வர்ற வழியில மாசானம் கேட்டான். "மதினி, நான் செத்தா என்ன பாடுவ?"

"ஏன் கொழுந்தனாரே, அவசரமா?"

"சும்மா சொல்லேன்."

கொம்பி வெத்தலையத் துப்பிட்டு, கன்னத்துல கை வெச்சு இழுத்தா பாரு:

"கத்திரிக்கா வித்தவரே, சந்தையில
கத்திக் கத்தி நின்னவரே
விக்காத காயை எல்லாம், திரும்ப
வீட்டுக்கே கொண்டாந்தவரே"

கூட வந்த பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. ஒருத்தி வயித்தப் பிடிச்சுட்டு வரப்புலயே உக்காந்துட்டா.

மாசானத்துக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. "பண்ணையாருக்கு மட்டும் இல்லாத குதிரையப் பாடின?"

"அவருக்கு ஒரு கழுதையாவது இருந்துச்சுல்லா. கழுதைய நீட்டினா குதிரை. உங்ககிட்ட நீட்டுறதுக்கு எதுவும் இல்லையே. ஒரு பெருமை கொண்டாங்க. அப்புறம் பாருங்க, மானத்து மேகம் வரைக்கும் நீட்டுறேன்."

அவ வேடிக்கைக்குச் சொன்னா. ஆனா சில பேச்சு காதுல விழும், சில பேச்சு நெஞ்சுல விழும். இவனுக்கு நெஞ்சுல விழுந்துருச்சு. அன்னையிலருந்து மாசானம் கத்திரிக்காயப் பாத்தா கத்திரிக்கா தெரியல. தன் சாவு வீடு தெரிஞ்சுது. எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க, பாட ஒண்ணும் இல்லன்னு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

சரி. அப்போ, உப்பு வண்டி ஓட்டுற சிவனாண்டி வந்தான். ஆத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உப்பு விக்கிறவன். கட கட கட கடன்னு வண்டி சத்தம் கேட்டாலே மாசானம் வெளிய வந்துருவான், அக்கா சேதி இருக்கும்னு.

"மாசானம், உங்க அக்கா சொல்லிவிட்டா. புள்ளைக்கு வர்ற பௌர்ணமிக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேணும், வந்து உக்காருன்னு சொல்லச் சொன்னா."

தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்துவாங்க. அப்பன் மடி ஆகாது, தாத்தா மடி ஆகாது. ராஜாவே வந்து மடிய விரிச்சாலும் ஆகாது. அம்மாகூடப் பொறந்தவன் மடிதான்.

மாசானத்துக்கு சந்தோசம்தான். ஆனா அதே பௌர்ணமிக்கு ராஜா ஊர்ல வழுக்கு மரம் ஏறுற போட்டி. எண்ணெ தேய்ச்ச மரம், உச்சியில ஒரு பட்டுத் தலைப்பாகை. எடுக்கிறவன் வீரன்.

மாசானம் யோசிச்சான். "சிவனாண்டி, நான் இப்ப யாரு? கத்திரிக்காக்காரன். கத்திரிக்காக்காரன் மடியில உக்காந்தா புள்ளைக்கு என்ன பெருமை? தலைப்பாகையக் கட்டிட்டு வந்து உக்காந்தேன்னு வையி, கொடிக்குளமே பேசும்ல? மரம் ஏறிட்டு நேரா அங்கதான் வருவேன்னு சொல்லு."

சொன்னான், போனான். மரத்தக் கட்டிப் பிடிச்சு ஏறினான். பாதி ஏறினான். சர்ர்ர்ருன்னு வழுக்கிக் கீழ வந்தான். திரும்ப ஏறினான். சர்ர்ர்ரு. அப்புறம் ஒரு மூச்சுப் பிடிச்சு முக்காவாசி போய்ட்டான். கூட்டம் எல்லாம் ஓன்னு கத்துது. கைய நீட்டுறான், விரல் நுனியில தலைப்பாகை தொடுது. கீழ இருந்து ஒருத்தன் மூஞ்சில தண்ணியப் பீச்சினான் பாரு. சர்ர்ர்ருன்னு வந்து தொப்புன்னு விழுந்தான். உடம்பு பூரா எண்ணெ, மண்ணு. பாக்க உருட்டி வெச்ச எள்ளுருண்ட மாதிரி இருந்தான்.

"ஹிஹி."

சிரிக்கத்தான் செய்யணும். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கோலத்தோட அக்கா வீட்டுக்கு எப்படிப் போறது? போகல.

அப்புறமா சிவனாண்டி வந்து சொன்னான். "ரொம்ப நேரம் பாத்தாங்க மாசானம். ஆசாரி ஊசியக் கையில வெச்சுட்டே நின்னாரு. நல்ல நேரம் போகுது போகுதுன்னாங்க. உங்க அக்கா வேற யாரு மடியும் வேண்டாம்னுட்டா. உன் பழைய துண்டு ஒண்ணு வெச்சிருந்தா போல. அதைத் திண்டு மேல விரிச்சு, அதுல உக்கார வெச்சுக் குத்தினாங்க. புள்ள வீல்னு கத்துச்சு."

"அக்கா ஏதும் சொன்னாளா?"

"அடுத்த விசேசத்துக்கு வரச் சொன்னா. பெரிய ஆளா வர வேண்டாமாம். சும்மா வரணுமாம்."

ஆனா பாரு, காது குத்துக்குப் போகாதவன் அதுக்கப்புறம் சும்மா எப்படிப் போவான்? கூச்சம். வெறுங்கைய வீசிட்டுப் போனா, "வந்துட்டாரு மாமன், எண்ணெ எல்லாம் காஞ்சிருச்சா?"ன்னு யாராச்சும் கேப்பாங்கல்ல? ஒரு பெருமையச் சம்பாதிச்சுட்டுப் போவோம், அப்போ எவனும் கேக்க மாட்டான். இப்படித் தள்ளிப் போட்டான். ஒரு தடவ போகாத வீட்டுக்கு ரெண்டாந்தடவ போறது கஷ்டம். வழி தெரியும். கால்தான் வராது. ஆறு என்னவோ அதே ஆறுதான், முழங்கால் தண்ணி. ஆனா வருசம் ஆக ஆக அவனுக்கு அது அகலமாயிட்டே போச்சு.

ம் போடு.

"ம்."

வடிவு வளந்து பெரிய மனுசி ஆகிட்டா. அதுக்கும் மாமன்தான் வேணும். பச்ச ஓல வெட்டிட்டு வந்து, முத்தத்துல குச்சு கட்டுவான் மாமன். புள்ள அதுக்குள்ள இருக்கும். கட கட கடன்னு சிவனாண்டி வந்தான். "ஓல வெட்டி வெச்சாச்சாம். நீ வந்து ஊனினாப் போதும்னு சொன்னா."

அப்போ மாசானம் என்ன பண்ணிட்டு இருந்தான் தெரியுமா? தோட்டத்துக் காய் அத்தனையும் பறிச்சு, ஊர் ஊராப் போய் அரிசி சேத்து, ஆள் உயரத்துக்கு ஒரு அண்டா வெச்சு, கொழம்பு கிண்டிட்டு இருந்தான். வீரன் ஆகலேன்னா போகுது, வள்ளல் ஆயிருவோம்னு. நாலு ஊருக்கும் சாப்பாடு.

"துடுப்ப விட்டா அடி பிடிச்சிரும் சிவனாண்டி! ஊரே சாப்பிடட்டும். அந்தப் பேரோட வந்து குச்சு கட்டுறேன். ஒரு நாளு பொறுக்கச் சொல்லு."

"புள்ள பொறுக்குமா? வெளிய உக்காந்திருக்கு."

"ஒரே ஒரு நாளு!"

அண்டா கொத கொத கொதன்னு கொதிக்குது. சோறு மல மாதிரி குவிஞ்சு கிடக்கு. இல போட்டான். ஆளக் காணோம். அன்னைக்குன்னு பாத்து மந்திரி வீட்டுல கல்யாணம், ஜிலேபி போட்டாங்க. நாலு ஊரும் அங்க போயிருச்சு. இங்க வந்தது காக்கா மட்டும்தான். கா கா கான்னு வந்து கொத்திட்டு, அதுவும் காரம் பத்தலேன்னு பறந்து போச்சு. மாசானம் அண்டா ஓரமா உக்காந்து தனியா ஒரு கை எடுத்து வாயில வெச்சான். நல்லாத்தான் இருந்துச்சு கொழம்பு. அதச் சொல்லத்தான் ஆளில்ல.

குச்ச யாரு கட்டினான்னு பிறகு கேட்டான். சிவனாண்டி வண்டி மாட்டத் தடவிட்டே, "யாரோ கட்டினோம்" அப்படின்னான்.  உப்ப அளந்துட்டுப் போய்ட்டான்.

அதுக்கப்புறம் மாசானம் ஊர்ல இல்ல. ராஜா ஊருக்கே போய்ட்டான். அங்க ராஜா ஒரு கிறுக்குப் போட்டி வெச்சாரு. டம டம டமன்னு தண்டோரா போட்டாங்க. என்னன்னா, உக்காராம நிக்கணும். யாரு கடேசி வரைக்கும் நிக்கிறானோ அவன் பெரியவன். அவ்வளவுதான்.

"நிக்கிறது கஷ்டமா?"

நீ நின்னு பாரு, தெரியும். வேப்ப மரத்துல கயிறு தொங்கும், அதப் பிடிச்சுக்கலாம். நின்னுட்டே சாப்பிடலாம், நின்னுட்டே தூங்கலாம். முழங்கால் மடிஞ்சா போச்சு. வந்தவங்க எல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்தாங்க. மல்லன் விழுந்தான். சாமியார் விழுந்தாரு. மாசானம் விழல. அவனுக்கு வேற வேலையும் இல்ல, போறதுக்கு ஒரு வீடும் இல்லன்னு ஆகிப் போச்சுல்ல. ஊர்ல இருக்கிறவனுக்கு யாராச்சும் உக்காருன்னு சொல்லுவாங்க. இவனுக்கு யாரு சொல்லுவா? கயித்தப் பிடிச்சுட்டு நின்னான். மழை பேஞ்சுது, நின்னான். வெயிலடிச்சுது, நின்னான். வேப்பம்பூ தலையில உதுந்துச்சு, பழம் உதுந்துச்சு, நின்னான்.

ஒரு நாளு அந்தப் பக்கம் சிவனாண்டி வண்டி வந்துச்சு. மாசானம் ஆசையாக் கேட்டான், "சேதி ஏதும் உண்டா?"

சிவனாண்டி அவனக் கொஞ்ச நேரம் பாத்தான். "சேதி ஒண்ணுமில்ல மாசானம்."

அப்பாடான்னு இருந்துச்சு இவனுக்கு. நல்லவேள, இந்தத் தடவ யாரையும் காக்க வைக்கலன்னு நினைச்சான். ஏன் சேதி வரலன்னு நினைக்கல.

அப்புறம் ஜெயிச்சுட்டான்! ராஜாவே வந்து மால போட்டாரு. "நிலை பெரியவர்"னு பட்டம் குடுத்தாரு. யானை மேல ஏத்தி ராஜ்யம் பூரா ஊர்வலம்னு சொல்லிட்டாரு.

கொம்பி கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்துட்டா. இப்ப அவளுக்கு முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. வெத்தல மட்டும் விடல.

"கொழுந்தனாரே! இனி நான் ஒண்ணையும் நீட்ட வேண்டாம். உள்ளத உள்ளபடி பாடினாலே போதும்."

"பாட்டு ஆயிருச்சா மதினி?"

"எல்லாம் ஆச்சு. மொத அடிதான் இல்ல."

"அது என்ன மொத அடி?"

"தெரியாத மாதிரி கேக்கீங்க. ஒப்பாரின்னா முறை சொல்லித்தான எடுக்கணும்? அப்பான்னோ, அண்ணான்னோ, என்னைப் பெத்தவரேன்னோ. அத உறவுக்காரிதான் எடுக்கணும். அவ எடுத்துக் குடுத்தா நான் பின்னால எம்புட்டு வேணாப் பாடுவேன். உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. மாமான்னு எடுக்க அந்த வடிவுப் புள்ளதான் இருக்கு."

"அவ எடுப்பா!" மாசானம் சிரிச்சான். "அவளுக்கென்ன? இத்தன நாளு வெறுங்கையோட போகக்கூடாதுன்னுதான இருந்தேன். இனிமே போய்க் கூப்பிடுறேன் பாரு. யானையோட போறேன்."

கொம்பி வெத்தலைய மென்னுட்டு நின்னா.

ஊர்வலம் கிளம்புச்சு. ஆனா ஒரு கூத்து கேளு. அத்தன நாளு நின்னதுல மாசானத்துக்கு முழங்காலு மடங்கவே இல்ல. விறகுக் கட்ட மாதிரி ஆயிருச்சு. யானை மேல உக்கார வைக்க முடியல. அதனால நாலு பக்கமும் கம்பு நட்டு, கயிறு கட்டி, நிக்க வெச்சே கொண்டு போனாங்க. டிண் டிண்னு மணி. டம டம டம டமன்னு மேளம். அவன் மானத்துக்கும் பூமிக்கும் நடுவுல நின்னான். கீழ பாத்தா தல தலயாத் தெரியுது. மூஞ்சி எதுவும் சரியாத் தெரியல.

ஆத்தத் தாண்டிச்சு யானை. நாலே எட்டுல தாண்டிருச்சு. கொடிக்குளம் வந்துச்சு. மாசானம் அக்கா வீடு எது, அக்கா எங்கன்னு தேடுறான்.

அப்போ எதிர்ல இன்னொரு மேளம். பிப்பிப்பீன்னு நாயனம். சின்னக் கூட்டம்தான், கோயிலுக்குப் போற கல்யாணக் கூட்டம். யானையப் பாத்ததும் ராஜ ஊர்வலம்னு ஒதுங்கி, ஒரு வேலி ஓரமா நின்னாங்க. முன்னால மணப்பொண்ணு. கழுத்து நிறைய மால. கண்ணுல மை. மாசானத்துக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னா, அது அவளோட அம்மா மூஞ்சி. பேராச்சி மூஞ்சி.

மணப்பொண்ணு கைய மாமன்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். வடிவு கைய ஒருத்தன் பிடிச்சிருந்தான். புது வேட்டி, தலையில துண்டு. யாருன்னு பாத்தா சிவனாண்டி.

"உப்பு வண்டிக்காரனா?"

ஆமா, உப்பு வண்டிக்காரன்.

மாசானம் வாயத் திறக்கிறதுக்குள்ள வடிவு கூப்பிட்டா. "மாமா!" அப்படின்னா.

மேளத்துக்கு மேல அது கேட்டுச்சு அவனுக்கு.  எந்தச் சொல்லுக்காக அலைஞ்சானோ அந்தச் சொல்லு. "இந்தா இருக்கேன் தாயி!"ன்னு சொல்ல வாயெடுத்தான்.

அவ இவனப் பாக்கல. சிவனாண்டி கைய இழுத்தா. "மாமா, யாரு மாமா அது? யானை மேல நிக்கிறது?"

சிவனாண்டி தலையக் குனிஞ்சுக்கிட்டான். பக்கத்துல நின்ன பேராச்சி நிமிந்து பாத்தா. பாத்துட்டே இருந்தா. தம்பி மூஞ்சிய ஒரு அக்காளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுது. இவன் "அக்கா! அக்கா!"ன்னு கத்துறான். டம டம டம டம. வாய் அசையறதுதான் கீழ தெரிஞ்சிருக்கும்.

அப்போ பேராச்சி ரெண்டு கையும் சேத்துத் தம்பியக் கும்பிட்டா. மகளையும் தொட்டு, "பெரியவங்கம்மா. கும்பிட்டுக்கோ," அப்படின்னா.

அந்தப் புள்ளயும் கும்பிட்டுச்சு.

எந்த ஊர்லயாவது அக்கா தம்பியக் கும்பிடுவாளா? தம்பிதான கால்ல விழணும்? இவன் பாகன்கிட்டக் கெஞ்சினான். "இறக்கி விடுய்யா. எங்க அக்காய்யா."

"அரமன வாசல்லதான் யானை படுக்கும் சாமி. நடுவுல படுக்காது. பேசாம நில்லுங்க."

டிண் டிண். டம டம. கல்யாணக் கூட்டம் சின்னதாகி, புளியமரம் மறைச்சிருச்சு.

அரமனையில இறங்கின உடனே பட்டத்தையும் மாலையையும் அங்கயே போட்டுட்டு ஓடி வந்தான். மடங்காத கால வெச்சுட்டு ஓட்டம் எப்படி? தங்கு, தங்கு, தங்குன்னு. ஆத்துல விழுந்து எந்திரிச்சு, ஈர வேட்டியோட கொடிக்குளம் வந்து சேரும்போது விளக்கு வெக்கிற நேரம். பந்தல்ல ஆளில்ல. எச்சில் எலைய நாய் இழுத்துட்டு இருக்கு. பொண்ணு மாப்பிள வீட்டுக்குப் போயிருச்சு. பேராச்சி மட்டும் முத்தத்தப் பெருக்கிட்டு இருந்தா.

சத்தம் கேட்டு நிமிந்தா. வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு, சேலையச் சரி பண்ணிட்டு, "வாங்க," அப்படின்னா.

யாரக் கூப்பிடுறான்னு மாசானம் திரும்பிப் பாத்தான். பின்னால யாருமில்ல.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. உள்ள வாங்க. எல போடுறேன்."

எல போட்டா. தரையில உக்காரக் கால் மடங்கல. அவ அதப் பாத்தா, பாக்காத மாதிரி உள்ள போய், ஒரு கிண்ணத்துல சோத்தப் பிசைஞ்சு எடுத்துட்டு வந்து கையில குடுத்தா. நின்னுட்டே சாப்பிட்டான். அவ கொஞ்சம் தள்ளி நின்னு விசிறினா.

"ராஜா சுகமா இருக்காரா?"

"ம். இருக்காரு."

"உங்க ஊருப் பக்கம் மழ உண்டா?"

"பேஞ்சுது."

இப்படியே பேசினாங்க. முன்னப் பின்ன தெரியாத விருந்தாளிகிட்டப் பேசுற பேச்சு. அவளுக்கு வேற பேச்சு வரல. இவன் மன்னிச்சிருன்னு கேக்கத்தான் வந்தான், கேக்காமச் சோத்தையே தின்னுட்டு நின்னான். கோவிச்சுத் திட்டியிருந்தாக்கூடக் கால்ல விழுந்திருப்பான். அவ திட்டல. பெரியவங்கள யாரு திட்டுவா?

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா.

"அக்கா, வடிவு மறுவீட்டுக்கு வருவால்ல? வந்தா, உன் தாய்மாமன் வந்திருந்தான்னு சொல்லு."

பேராச்சி வாசல் விளக்குத் திரியத் தூண்டிவிட்டா. அப்புறம், "சொல்லலாம்," அப்படின்னா. "அவ நம்ப மாட்டா. உங்கள யானை மேல பாத்துட்டாளே."

...

"அப்புறம்?"

அப்புறம் அவன் ஆத்துப் பக்கம் நடந்து போனான். அதுக்கு மேல எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கதைக்குக் கால் வலிக்குது, அது உக்காந்துருச்சு. நீயும் கண்ணு மூடு. தூங்கு.